தோலோடு வேகவைத்த ஆரஞ்சும் பாதாமும் சேர்ந்த, கோதுமை கலக்காத கேக்: எந்தப் பழம், கசப்பைத் தவிர்ப்பது எப்படி?

மயிலாடுதுறை அடுக்களை:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு என் அண்ணன் மகள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை வகைத் தானியங்களைக் குடல் ஏற்காத நோய்) இருப்பது உறுதியானதிலிருந்து கோதுமை, மைதா, ரவை, பார்லி ஆகிய எதையும் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சோறு, இட்லி, இடியாப்பம் என்று நம் பக்கத்துச் சாப்பாட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் மற்றப் பிள்ளைகள் கேக் தின்னும்போது அவள் மட்டும் தட்டை ஏந்தாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுமுறைக்குள் அவளுடைய பிறந்தநாளும் வருவதால், அவள் தயக்கமின்றி உண்ணும்படியான ஒரு கேக்கை வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன்.

ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு வேகவைத்து அரைத்து, பாதாம் பொடி, முட்டை, சர்க்கரை ஆகியவற்றோடு கலந்து சுடும் கேக் ஒன்று வெளிநாட்டுச் சமையற்குறிப்புகளில் பரவலாகக் காணப்படுகிறது. இரண்டு ஆரஞ்சு, ஆறு முட்டை, 250 கிராம் பாதாம் பொடி, 250 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்பது பெரும்பாலும் அவற்றில் வரும் அளவு. மாவே தேவையில்லை என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீட்டில் 28 லிட்டர் ஓ.டி.ஜி. (கேக் சுடும் மின் அடுப்பு) ஒன்றும், மின்சாரத்தில் ஓடும் கைப் பீட்டரும், கிராம் கணக்கில் எடை காட்டும் சிறு தராசும் இருக்கின்றன.

என் ஐயங்கள் இவை. இங்கே சாத்துக்குடி எந்த நாளும் கிடைக்கிறது, கமலா ஆரஞ்சும் வரத் தொடங்கிவிட்டது. இவற்றில் எதை எடுப்பது? தெரிந்தவர் ஒருவர் சாத்துக்குடியில் செய்தபோது மாவு நன்றாகவே இருந்து, சுட்டு எடுத்த கேக் வாயில் வைக்க முடியாதபடி கசந்துவிட்டதாம். அது ஏன்? கடையில் விற்கும் பாதாம் மாவு விலை கூடுதலாக இருப்பதோடு, அது எங்கே, எந்த இயந்திரத்தில் அரைக்கப்பட்டது என்பதும் தெரியவில்லை. வீட்டு மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடாதா? கடைசியாக, என் மாமியார் முட்டை சாப்பிடமாட்டார். பேத்தி முறை ஆகும் குழந்தையின் பிறந்தநாளில் அவரும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளும்படி ஏதாவது வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

குடந்தை வீட்டுக் கேக்:

வணக்கம் சகோதரி. நான் கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே ஆர்டர் எடுத்துக் கேக் செய்து கொடுக்கிறேன். குழந்தைக்கு நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது மிகப் பொருத்தமான கேக். இது மைதாவை எடுத்துவிட்டு வேறு எதையோ போட்டு ஒப்பேற்றியது அன்று. தொடக்கத்திலிருந்தே மாவில்லாமல் செய்யப்பட்டது. ஸ்பெயினில் வாழ்ந்து, 1492-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட செபார்டிக் யூதர்களின் சமையல் மரபைச் சேர்ந்தது. பாஸ்கா பண்டிகை நாள்களில் புளித்த மாவுப் பண்டங்களை விலக்குவது அவர்களுடைய சமய ஒழுங்கு என்பதால், அரைத்த பருப்பையும் முட்டையையும் கொண்டே கேக் செய்யும் கைப்பழக்கம் அவர்களிடம் வளர்ந்தது. ஆகவே உங்கள் குழந்தையின் தட்டில் இருப்பது பத்தியச் சாப்பாடாகத் தோன்றாது. எல்லாரும் அதையே கேட்டு வாங்கி உண்பார்கள்.

பழத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. மற்றக் கேக்குகளுக்கு நாம் சாற்றுக்காகப் பழம் வாங்குகிறோம். இதற்குத் தோலுக்காக வாங்க வேண்டும். தோலும், தோலுக்குக் கீழே உள்ள வெள்ளைச் சதையும், சுளையும் எல்லாமே கேக்குக்குள் போகின்றன. சாத்துக்குடியின் சாறு எவ்வளவு இனித்தாலும் அதன் வெள்ளைச் சதை தடிப்பாக இருக்கும். அது இந்தக் கேக்குக்கு ஆகாது. நாக்பூரிலிருந்து வரும் கமலா ஆரஞ்சில் தோல் மெலிது, சுளையை ஒட்டாமல் தளர்ந்திருக்கும், வெள்ளைச் சதையும் மிகக் குறைவு. கார்த்திகை, மார்கழியில் ஒரு வரத்தும் மாசி, பங்குனியில் இன்னொரு வரத்தும் இருப்பதால் பொங்கல் சமயத்தில் உங்களுக்குப் பழம் கிடைப்பதில் சிரமம் இராது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனமும், நகத்தால் லேசாகக் கீறினால் மூக்கைத் தொடும் மணமும் உள்ள பழமாகப் பார்த்து எடுங்கள். பச்சை மாறாத பழத்தையும் தோல் வதங்கியதையும் விட்டுவிடுங்கள். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். வெளிநாட்டு ஆரஞ்சு பெரியது, கமலா சிறியது. விதை நீக்கிய விழுது 350 முதல் 375 கிராம் கிடைக்க வேண்டும், அதற்கு நடுத்தரப் பழம் மூன்று அல்லது நான்கு பிடிக்கும்.

தோலோடு உண்பதால் வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பிட்டு, தோலின் நுண்குழிகளில் விரல் படும்படி தேய்த்துக் கழுவுங்கள். வேகவைக்க எவர்சில்வர் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். புளிப்பு நெடுநேரம் கொதிக்கும்போது அலுமினியத்தை அரிக்கும். பழம் மிதக்கும் என்பதால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமிழ்த்தி வையுங்கள். பத்து நிமிடம் கொதித்ததும் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய வெந்நீர் ஊற்றி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். பதத்தை இப்படி அறியலாம்: தோல் கண்ணாடி போலப் பளபளத்து, ஆரஞ்சு நிறம் ஆழ்ந்து, பல்குத்தும் குச்சியைக் குத்தினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்க வேண்டும். ஓரிடத்தில் தடுத்தால் இன்னும் கால் மணி நேரம் விடுங்கள். எரிவாயுவை மிச்சப்படுத்த நினைத்தால், குக்கருக்குள் எவர்சில்வர் பாத்திரத்தில் நீரும் பழமும் வைத்து, ஒரு விசில் வந்தபின் சிறு தீயில் இருபது நிமிடம் வைக்கலாம்.

வெந்த பழம் நன்றாக ஆறிய பிறகு, காம்புப் பகுதியை அகற்றிவிட்டு, குறுக்குவாட்டில் நறுக்கி விரித்துப் பாருங்கள். விதைகள் நடு அச்சைச் சுற்றி வரிசையாகத் தெரியும். சில, சுளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள், இந்த இடத்தில் அவசரம் கூடாது. பிறகு மிக்ஸியில் நீர் சேர்க்காமல் வெண்ணெய் போல அரையுங்கள். கமலாவில் நீர் அதிகம் என்பதால் விழுது தளர்வாக இருந்தால், வாணலியில் சிறு தீயில் கிளறி, கரண்டியால் கோடு இழுத்தால் கோடு சற்று நின்று மூடும் பதம் வரை வற்றவையுங்கள். நடுவில் ஈரம் தங்கி அமுங்கிப்போகும் கேக்குகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கூடுதல் நீர்தான் காரணம்.

பாதாமை வீட்டில் அரைப்பது நல்லது, முடியவும் முடியும். பாதாம்பாலுக்கு ஊறவைப்பது போல இரவு முழுவதும் ஊறவைக்கக்கூடாது. பருப்பு நீரை உறிஞ்சிவிட்டால் எத்தனை காய்ச்சினாலும் பொடி ஆகாது. கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்து, தோலைப் பிதுக்கி எடுத்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு விடுங்கள். மார்கழிப் பனியில் நம் வீடுகளின் தரையே ஈரம் கோத்து நிற்கும், ஆகவே காலையில் ஓ.டி.ஜி.யில் 100 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கி, முற்றிலும் ஆறவிட்டு, அரைமணி நேரம் பிரீசரில் வைத்து அரையுங்கள். பாதாமில் ஏறக்குறையப் பாதி எடை எண்ணெய்தான். மிக்ஸி சூடேறினால் அது வெளியே வரும். எனவே எடுத்துவைத்த சர்க்கரையிலிருந்து நான்கு தேக்கரண்டியைப் பாதாமோடு சேர்த்து, விட்டுவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்டி, சலித்து, மேலே நிற்பதை மறுபடி அரையுங்கள். மெல்லிய ரவை அளவு சொரசொரப்பு இருக்கலாம், அது கேக்குக்கு அழகுதான்.

முட்டையைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. அந்தக் குறிப்புகளை எழுதியவர்களின் ஊர் முட்டை நம் கடை முட்டையைவிடப் பெரியது. நம்மிடம் கிடைப்பது ஓட்டோடு 50 கிராம் சுற்றியே இருக்கும், நாட்டுக்கோழி முட்டை அதனினும் சிறியது. ஓடு நீக்கிய முட்டை மொத்தம் 300 கிராம் வருமாறு நிறுத்துக்கொள்ளுங்கள்; ஏழு முட்டை தேவைப்படலாம். மாவில்லாத இந்தக் கேக்கைத் தாங்கி நிறுத்துவது முட்டை ஒன்றுதான், அதில் குறைத்தால் துண்டு போடவே முடியாது. சர்க்கரையை 225 கிராமாகக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் தோலின் கசப்பு தலைதூக்கும். நாட்டுச் சர்க்கரை ஈரத்தைக் கூட்டி ஆரஞ்சின் நிறத்தையும் மறைத்துவிடுவதால் இதற்கு நான் அதைச் சேர்ப்பதில்லை.

முட்டையும் சர்க்கரையும் வெளுத்து, நாடா போல விழும் வரை அடித்து, ஆறிய விழுதைக் கலந்து, பாதாம் பொடியையும் பேக்கிங் பவுடரையும் சிட்டிகை உப்பையும் கரண்டியால் மடித்துக் கலக்கவும். ஒன்பது அங்குல டின்னின் அடியிலும் பக்கங்களிலும் பட்டர் பேப்பர் இடுங்கள். மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய 170 டிகிரியில் முன்சூடு செய்து, கீழ்த்தட்டில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நாற்பதாவது நிமிடத்தில் மேற்புறம் சிவந்திருந்தால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். குச்சியில் ஈரமான பொடி ஒட்டலாம், மாவு ஒட்டக்கூடாது. டின்னிலேயே முழுவதும் ஆறவிட்ட பிறகே எடுக்க வேண்டும். சூட்டில் கவிழ்த்தால் உடைந்துவிடும். பிறந்தநாளுக்கு முதல் நாள் மாலையே செய்துவிடுங்கள். ஓர் இரவு கடந்தால்தான் ஆரஞ்சின் எண்ணெய் பாதாமில் ஊறி மணம் முழுமை பெறும்.

திருவாரூர் வாசகர்:

மேலே சொன்ன விளக்கம் மிகவும் நன்றாக இருக்கிறது. மாமியாருக்காக முட்டை இல்லாமல் செய்ய விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். 150 கிராம் வறுத்த ரவையும் 100 கிராம் பாதாம் பொடியும் எடுத்து, ஒரு கோப்பை கெட்டித் தயிரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஆரஞ்சு விழுது, சர்க்கரை, உருக்கிய வெண்ணெய் சேர்த்து, கடைசியில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து சுட்டால் நன்றாக எழும்பி வரும். தயிரும் ஆரஞ்சும் தரும் புளிப்பு சோடாவோடு சேர்ந்து நுரைப்பதால் முட்டையின் வேலையில் ஒரு பகுதி நடந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் செய்வது இதுதான்.

மயிலாடுதுறை அடுக்களை:

குடந்தைச் சகோதரிக்கு மனமார்ந்த நன்றி. முட்டையின் எடை விஷயம் நான் சிறிதும் நினைத்துப் பாராதது.

திருவாரூர் ஐயா, உங்கள் குறிப்பு மற்றவர்களுக்கு நிச்சயம் பயன்படும். ஆனால் ரவையும் கோதுமைதான் என்பதால் குழந்தைக்கு அது ஆகாது. ஒரே மேசையில் இரண்டு கேக்கையும் வைத்து, கத்தியை மாற்றிப் போட்டு வெட்டிவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. ஆகவே வீட்டுக்குள் அன்றைக்குக் கோதுமையே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கசப்பு ஏன் சுட்ட பிறகு வருகிறது என்பதையும், பழக்கடையில் தை மாதத்தில் கமலாவுக்கு அருகிலேயே அடுக்கியிருக்கும் பளபளப்பான கின்னோவை வாங்கலாமா என்பதையும் யாராவது தெளிவுபடுத்த முடியுமா? இன்னொன்று, மழைக்காலம் ஓய்ந்தாலும் எங்கள் தெருவில் மின்தடை ஓயவில்லை. கேக் பாதி வெந்திருக்கும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது?

தஞ்சை உணவுத்தொழில்நுட்பம்:

வணக்கம். உணவுத் தொழில்நுட்பம் படித்தவன் என்ற முறையில் கசப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எலுமிச்சைக் குடும்பப் பழங்களின் கசப்புக்குக் காரணமான பொருள்கள் முக்கியமாக இரண்டு. பம்பளிமாஸ் போன்ற பழங்களில் நாரிஞ்சின் என்பது உண்டு. அது பழத்தைக் கடித்தவுடனே கசக்கும், வெந்நீரில் ஓரளவு கரைந்து வெளியேறும். சாத்துக்குடியிலும் ஆரஞ்சிலும் தொல்லை தருவது லிமோனின். முழுப் பழத்தில் அது கசப்பாக இருப்பதில்லை. அதன் முன்வடிவம் சுவையற்ற ஒரு பொருளாக வெள்ளைச் சதையிலும் சுளைத் தோலிலும் விதையிலும் தங்கியிருக்கிறது. பழத்தை அரைக்கும்போது திசுக்கள் உடைந்து, அந்தப் பொருள் சாற்றின் புளிப்போடு கலந்து, சிறிது சிறிதாக லிமோனினாக மாறுகிறது. வெப்பம் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். சாத்துக்குடிச் சாற்றைப் பிழிந்தவுடன் குடித்தால் இனிப்பதும், அரைநாள் வைத்துவிட்டுக் குடித்தால் கசப்பதும் இதனால்தான். உங்களுக்குத் தெரிந்தவரின் கேக் மாவாக இருந்தபோது நன்றாக இருந்து, சுட்ட பிறகு கசந்ததற்கும் இதுவே விளக்கம். லிமோனின் நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால், நீரை எத்தனை முறை மாற்றினாலும் சாத்துக்குடியின் கசப்பை முழுவதும் போக்கிவிட முடியாது. ஆகவேதான் பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

கின்னோவும் வேண்டாம். பஞ்சாபில் பெருமளவில் விளையும் அந்தப் பழம் பார்வைக்குக் கமலாவைவிட எடுப்பாக இருக்கும். ஆனால் விதை மிகுதி, பிழிந்த சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும் இயல்பும் அதற்கு உண்டு. பழம் முதிர முதிர லிமோனின் ஆகும் பொருள் குறைந்து, கசப்பற்ற வேறு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஆகவே எந்த வகையானாலும் நன்கு பழுத்ததையே வாங்குங்கள். கமலா கிடைக்காமல் சாத்துக்குடியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை வந்தால், மேல்தோலின் வண்ணப் பகுதியை மட்டும் துருவி எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சதையை முழுவதும் சீவி எறிந்து, சுளையிலிருந்து விதையும் மெல்லிய தோலும் நீக்கி, அந்தச் சதையோடு துருவலைச் சேர்த்துச் செய்யுங்கள். மணம் வரும், கசப்பு மிகவும் குறைந்துவிடும்.

குழந்தையின் நோயை முன்னிட்டு இன்னும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சீலியாக் உள்ளவர்களுக்குக் கோதுமைத் தூள் மிகச் சிறிதளவு பட்டாலும் குடல் பாதிக்கப்படும். கேக் டின்னில் வெண்ணெய் தடவி மைதா தூவுவது பலருக்குக் கை தானாகச் செய்யும் வேலை. அந்தப் பழக்கத்தை அன்று முழுவதும் மறந்துவிடுங்கள். தூவித்தான் ஆக வேண்டுமென்றால் பாதாம் பொடியைத் தூவலாம். சப்பாத்தி மாவு சலித்த சல்லடையின் கண்களில் மாவு தங்கியிருக்கும், அதைக் கழுவினாலும் நம்ப முடியாது. இந்தக் கேக்குக்கென்று புதிய சல்லடை ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. கோதுமை அரைத்த மிக்ஸி ஜாரின் கத்திக்கு அடியில் உள்ள வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். பாதாமையோ அரிசியையோ மாவு மில்லில் கொடுத்து அரைக்க வேண்டாம், நமக்கு முன்னால் அங்கே கோதுமை அரைபட்டிருக்கும். பேக்கிங் பவுடரில் நிரப்பியாகச் சேர்ப்பது பெரும்பாலும் மக்காச்சோள மாவு என்றாலும் உறையில் எழுதியிருப்பதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

திருவையாற்றுப் பாட்டி:

நல்லா இரும்மா. மாமியாரையும் விட்டுவிடாமல் நினைத்துப் பார்த்தாயே, அது பெரிய குணம்.

முட்டையும் கோதுமையும் இரண்டுமே கூடாது என்றால் சுடும் கேக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் இனிப்புக் கடைகளில் பாதாம் கேக் என்று வில்லை போட்டு விற்கிறார்களே, அதையே ஆரஞ்சு மணத்தோடு செய்துவிடலாம். அதில் முட்டையும் கிடையாது, மாவும் கிடையாது. தோல் உரித்துக் காயவைத்து அரைத்த பாதாம் பொடி 250 கிராம், சர்க்கரை 225 கிராம், அரைக் கோப்பை தண்ணீர், நெய் மூன்று மேசைக்கரண்டி, கழுவித் துடைத்த இரண்டு கமலாவின் மேல்தோலை மெல்லத் துருவிய துருவல். இவ்வளவுதான் வேண்டும். வேகவைத்த விழுதை இதில் சேர்க்கக்கூடாது. பழத்தின் புளிப்பு பட்டால் சர்க்கரைப் பாகு உறையாமல் இளகியே நிற்கும், வில்லை விழாது. பாலும் வேண்டாம்.

அடிகனமான உருளியில் சர்க்கரையும் தண்ணீரும் விட்டு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் தீயைத் தணித்து, பாதாம் பொடியைத் தூவினாற்போலச் சேர்த்துக் கைவிடாமல் கிளற வேண்டும். இடையிடையே நெய் விட்டு வரும்போது, ஓரம் விலகி, நடுவில் ஒரே பந்தாகத் திரண்டு, உருட்டிப் பார்த்தால் விரலில் ஒட்டாத நேரம் வரும். அப்போது இறக்கி, அதன் பிறகே துருவலைச் சேர்க்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போது சேர்த்தால் மணம் ஆவியோடு போய்விடும். நெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்பி, இளஞ்சூட்டிலேயே கத்தியால் கீறி வைத்தால் ஆறியதும் அழகாக எடுக்க வரும். இதை முதலில் செய்துவிட்டு, அப்புறம் முட்டையை எடுத்தால் மாமியாருக்கும் மனக்குறை இராது, பாத்திரமும் கலக்காது.

சுடும் கேக்குக்கும் ஒன்று சொல்கிறேன். கொல்லையில் நாரத்தை மரம் இருந்தால், வேப்பிலைக்கட்டிக்குப் பறிக்கிற மாதிரி கொழுந்தாக மூன்று இலை பறித்து, நடு நரம்பைக் கிழித்துவிட்டு, 50 கிராம் சர்க்கரையும் நான்கு மேசைக்கரண்டி தண்ணீரும் கொதித்து இறக்கிய பாகில் பத்து நிமிடம் மூடி வை. பிறகு இலையை எடுத்துவிட்டு அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, சூடான கேக்கின் மேல் குச்சியால் குத்தி, கரண்டியால் பரவலாக விடு. ஆரஞ்சின் தித்திப்புக்கு மேலே பச்சை வாசனை ஒன்று நிற்கும். இலையைக் கொதிக்கவிட்டால் கசந்துவிடும், அது மட்டும் நினைவிருக்கட்டும். கேக்கின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டு பாதிப் பாகோடு நிறுத்தினாலும் போதும்.

நாகை மின்பணியாளர்:

மின்தடை குறித்த கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். 28 லிட்டர் ஓ.டி.ஜி. பெரும்பாலும் 1,500 வாட் அளவில் மின்சாரம் இழுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் வைத்திருக்கும் வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது, இணைத்துப் பார்க்கவும் வேண்டாம். துணைமின் நிலையங்களில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள், நாளிதழிலும் வரும். அதைப் பார்த்து நாளைத் தீர்மானியுங்கள். மாலையில் தெருவே மின்சாரம் எடுக்கும் நேரத்தில் அழுத்தம் குறைந்து கம்பி முழுச் சூட்டுக்கு வராமல் இருக்கக்கூடும். முற்பகலில் சுடுவது நல்லது.

சுட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் சூடு சிறிது நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். நாற்பது நிமிடம் கடந்திருந்தால் முட்டை ஓரளவு இறுகியிருக்கும், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்தால் போதுமானது. தொடக்கத்திலேயே போய், கால் மணி நேரத்துக்குள் வராவிட்டால் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். பழைய, அடிகனமான பெரிய பாத்திரம் ஒன்றில் ஓர் அங்குலம் உப்பைப் பரப்பி, பிரிமணையோ வளையமோ வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்கி வைத்திருந்தால் கேக் டின்னை அப்படியே உள்ளே இறக்கிச் சிறு தீயில் தொடரலாம். மேற்புறம் சிவக்காது என்பது ஒன்றுதான் குறை. குக்கரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நீரில்லாமல் நெடுநேரம் காய்ந்தால் அது பழுதாகும்.

குடந்தை வீட்டுக் கேக்:

நாரத்தை இலைப் பாகு மிக நல்ல யோசனை, அம்மா. நானும் செய்து பார்க்கப்போகிறேன். மயிலாடுதுறைச் சகோதரிக்கு ஒரு சிறு சேர்க்கை: பாகு விடுவதானால் விழுதை இன்னும் சற்றுக் கெட்டியாக வற்றவைத்து, சர்க்கரையை 200 கிராமாக்கிக்கொள்ளுங்கள். குறைந்ததைப் பாகு ஈடுசெய்துவிடும். இந்தக் கேக்கில் ஈரம் அதிகம் என்பதால் நம் ஊர்க் காற்றில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். முழுவதும் ஆறிய பிறகு டப்பாவில் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை நன்றாக இருக்கும். உண்பதற்கு அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள்.